கையேட்டில் ஒரே ஒரு வாக்கியம்

பல்கலைக்கழகக் கையேடு மொத்தம் நூற்று நாற்பது பக்கம். முதல் பக்கத்தில் துணைவேந்தர் சிரிப்பார். அதற்கப்புறம் ஏழு புலங்கள், இருபத்தொன்பது துறைகள், நான்கு ஊர்கள் என்று வரிசையாக வரும். கலாமியா ஊரின் துறை வருவது நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்தான். அந்த ஒரு பக்கத்தைப் பதினேழு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவள் துறையின் செயலர் பொலிக்ஸேனி.

எழுத வேண்டியது பேராசிரியர்கள்தான். அவர்களுக்கு நேரம் ஏது? வாரத்தில் இரண்டு நாள் நகரத்திலிருந்து பஸ்ஸில் வருவார்கள், பாடம் நடத்துவார்கள், துறைமுகத்தில் உட்கார்ந்து பொரித்த மத்தியைத் தின்பார்கள், சாயந்தர பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். மீதி எல்லாம் பொலிக்ஸேனி தலையில். சான்றிதழ், அட்டவணை, கழிப்பறைச் சாவி, கையேட்டுப் பக்கம்.

இந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதையே தனி. மேற்குக் கரைக்கு ஓர் அரசுப் பல்கலைக்கழகம் என்று முடிவானதுமே ஒவ்வொரு ஊர் எம்.பி.யும் 'என் ஊருக்கு என்ன?' என்று அமைச்சரின் சட்டையைப் பிடித்தார். சட்டமும் பொருளாதாரமும் நகரத்துக்கே போயின. மலையடி ஊருக்குச் செவிலியர் படிப்பு. பழைய மடம் இருக்கிற ஊருக்குத் தொல்லியல். கலாமியாவில் கடல் இருந்தது, ஆகவே மீன். மூன்று மாடி எலுமிச்சைக் கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, வாசலில் 'மீன்வளவியல் துறை' என்று பலகை மாட்டினார்கள். ஊர்க்காரர்களுக்கு மீனாவது, இயலாவது! பிள்ளைகள் படிக்க வந்தால் மாடி அறைகள் வாடகைக்குப் போகும், காப்பிக்கடை நாற்காலிகள் குளிர்காலத்திலும் நிரம்பும். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு.

பொலிக்ஸேனி அப்படியில்லை. அவள் நம்பினாள். அந்தப் பக்கத்தில் ஆய்வகம், படகு, கடலோரச் சூழல் என்று எது எதையோ எழுதுவாள். ஆனால் கடைசியில் ஒரு வாக்கியம் இருக்கும், பதினேழு வருஷமாக ஓர் எழுத்து மாறாமல்: 'இத்துறையில் பட்டம் பெறுவோர் அரசு மீன்வள ஆய்வாளர் பணிக்குத் தகுதி பெறுகிறார்கள்.'

மற்றதெல்லாம் அலங்காரம். இந்த வாக்கியம்தான் சோறு போடும் என்று அவளுக்குத் தெரியும். நம் நாட்டில் பெற்றவர்களுக்குப் பிள்ளை அரசு வேலையில் உட்கார்ந்தால்தான் மூச்சு வரும். ஜூலை மாதத்தில் வீட்டுக்கு வீடு சாப்பாட்டு மேசையில் விருப்பப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள் இல்லையா? எந்தத் துறையை முதல் வரியில் எழுதுவது, எதை இரண்டாம் வரியில் எழுதுவது என்று? அந்த மேசைகளில் எல்லாம் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் கடைசி வாக்கியத்துக்கு மதிப்பு இருந்தது.

பொலிக்ஸேனி வீட்டு மேசையிலும் அந்தச் சண்டை நடந்தது.

அவளுக்கு ஒரே மகள், மெல்போ. புருஷன் கப்பல் வேலைக்குப் போனவன், கப்பலோடே போய்விட்டான். அவனைப் பற்றி அந்த வீட்டில் பேச்சே கிடையாது. மெல்போவின் மதிப்பெண்ணுக்கு வடக்கே பெரிய நகரத்தில் உயிரியல் கிடைத்திருக்கும். அதைத்தான் முதல் வரியில் எழுத அவள் பேனாவைத் திறந்தாள்.

"முதல்ல நம்ம துறையை எழுது" என்றாள் பொலிக்ஸேனி.

"அம்மா, அது எலுமிச்சைக் கிடங்கு."

"கிடங்கா இருந்தா என்னடி? உயிரியல் படிச்சவங்கெல்லாம் எங்க இருக்காங்க தெரியுமா? காப்பி தூக்கிக் குடுத்துட்டு இருக்காங்க. இங்க படி, பரீட்சையை முடி, ஆய்வாளரா உட்காரு. துறைமுகத்துல ஆபீஸ். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்."

"நீ எழுதின பக்கத்தை நீயே நம்புறியா?"

"நான் நம்பாம வேற எவ நம்புவா?"

மெல்போ எழுதினாள். முதல் வரி. முதல் வரிக்கு மதிப்பெண் போதுமென்றால் கணினி இரண்டாம் வரியைப் பார்க்கவே பார்க்காது. அது நம் ஊர்ச் சட்டம்.

சேர்ந்த முதல் நாளே மெல்போவுக்கு ஒரு தோழி கிடைத்தாள். அர்கிரோ. விரிகுடாவின் அக்கரைக் கிராமம். அப்பன் சிப்பிப் பண்ணையில் கயிறு இழுக்கிற கூலி. முதல் நாள் அலுவலகத்துக்கு வந்தபோது கையில் கையேட்டை வைத்திருந்தாள். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில், கடைசி வாக்கியத்தின் அடியில், பென்சிலால் கோடு.

"இதைப் பார்த்துத்தான் அத்தை வந்தேன்" என்றாள். சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் அத்தை! பொலிக்ஸேனிக்குச் சிரிப்பு வந்தது. பிடித்தும் போயிற்று. நாலு வருஷம் அந்தப் பெண் வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வீட்டு மேசையில்தான் சாப்பிட்டாள். பொலிக்ஸேனி அரிசி அடைத்துச் சுடுகிற குடைமிளகாயை ஒரு தட்டு தின்றுவிட்டு இன்னொரு தட்டு கேட்பாள். வகுப்பில் முதல் மதிப்பெண்ணும் அவளுக்குத்தான்.

மூன்றாம் வருஷ முடிவில் வந்தது வினை. புதுச் சேர்க்கை குறைந்து முப்பதுக்கும் கீழே போனது. குறைந்த துறைகளை இழுத்து மூடப்போகிறார்கள் என்று பேச்சு. துறைத் தலைவர் ட்ரிவேலாஸ் வழக்கத்துக்கு மாறாக வியாழக்கிழமையும் வந்தார். மனுஷனுக்குக் காரியம் ஆக வேண்டுமென்றால் வாயில் தேன் வடியும்.

"என் பொலிக்ஸேனி, மீன்னு சொன்னா பசங்க வரமாட்டேங்கிறாங்க. நாத்தம் அடிக்கிற மாதிரி இருக்காம். பேரை மாத்திட்டோம். செனட் ஒத்துக்கிச்சு."

"என்ன பேரு, ப்ரொஃபசர்?"

"கடல்வளப் புத்தாக்க மேலாண்மைத் துறை."

பொலிக்ஸேனி அதை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "மீனு எங்க போச்சு?"

"மீனு கடல்ல இருக்கு. பேர்ல எதுக்கு?" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "கையேட்டுல பேரை மட்டும் மாத்துங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"கடைசி வாக்கியம்?"

"அதுதானே முக்கியம்! அப்படியே இருக்கட்டும்."

"வேலை அறிவிப்புல பட்டத்தோட பேரு எழுத்துக்கு எழுத்து பார்ப்பாங்களே. புதுப் பேரு பட்டியல்ல ஏறியாச்சா?"

"ஏறும். வெறும் கடிதப் போக்குவரத்து."

அவர் இன்னும் போகவில்லை. ஒரு காகிதத்தை மேசைமேல் வைத்தார். பெயர் மாறுவதற்கு முன்னால் சேர்ந்தவர்கள் விரும்பினால் பழைய பெயரிலேயே பட்டம் வாங்கிக்கொள்ளலாம், ஆகஸ்ட் கடைசிக்குள் கையெழுத்திட்ட விண்ணப்பம் தர வேண்டும் என்று அறிவிப்பு.

"எல்லாரும் பழைய பேரையே கேட்டா புதுப் பேரை எதுக்கு வெச்சீங்கன்னு மேலிடத்துல கேப்பாங்க. துறையே போயிடும். உங்க நாற்காலியும் சேர்த்துத்தான். அதனால, என் பொலிக்ஸேனி, சட்டப்படி ஒட்டிடுங்க. எட்டாம் தேதி ஒட்டுங்க. ஆகஸ்ட் எட்டு."

ஆகஸ்ட் எட்டு! ஆகஸ்டில் நம் நாட்டில் நாய்கூட அலுவலகப் பக்கம் போகாது. பதினைந்தாம் தேதி மாதாவின் திருநாள். அதற்கு முன்னால் ஒரு வாரமும் பின்னால் ஒரு வாரமும் நாடே கடலில் கால் நனைத்துக்கொண்டு கிடக்கும். எவருக்கும் தெரியக்கூடாத ஆணைகளை எல்லாம் அரசாங்கமே ஆகஸ்டில்தான் போடும். அது எல்லாருக்கும் தெரியும், இருந்தும் வருஷா வருஷம் எல்லாரும் ஏமாறுவோம்.

பொலிக்ஸேனி ஒட்டினாள். பூட்டிய கட்டிடத்துக்குள்ளே, மூன்றாம் மாடியில், கண்ணாடிப் பலகைக்குப் பின்னால். செப்டம்பர் முதல் தேதி காலையில் கழற்றினாள். ஒரு விண்ணப்பமும் வரவில்லை. மகளிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னால் அர்கிரோவுக்குத் தெரியும், அர்கிரோவுக்குத் தெரிந்தால் முப்பத்தோரு பேருக்கும் தெரியும். எப்படியும் புதுப் பெயர் பட்டியலில் ஏறிவிடும் என்று தலைவர் சொல்லியிருக்கிறாரே என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

ஆனால் ஒன்று செய்தாள். அலுவலகத்தில் வரவுப் பதிவேடு என்று ஒன்று உண்டு. தடித்த அட்டை, நீலக் கோடு. வந்து சேரும் ஒவ்வொரு காகிதத்துக்கும் அதில் ஒரு எண், ஒரு தேதி. அந்த எண் இருந்தால்தான் காகிதத்துக்கு உயிர். திருநாளுக்கு முந்தின நாள், பதினான்காம் தேதி, கதவைப் பூட்டும் முன்னால் பொலிக்ஸேனி அதில் இரண்டு வரிகளைக் காலியாக விட்டாள். எண் போட்டு, தேதி போட்டு, மீதியை வெறுமையாக. ஆயிரத்து நூற்று நாற்பத்தேழு. ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. இதில் அவள் கண்டுபிடித்தது எதுவுமில்லை. நம் அரசு அலுவலகங்களில் நீண்ட விடுமுறைக்கு முன்னால் இரண்டு வரி விடாத செயலர் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்? மேலிடத்து ஆள் ஒருவன் தாமதமாக வருவான், அவனுக்கு ஒன்று. நமக்கென்று அவசரம் வரும், அதற்கு ஒன்று.

அவசரம் ஏப்ரலில் வந்தது. அமைச்சகத்தில் வேலை பார்க்கிற பழைய தோழி ஒருத்தி வேறு எதற்கோ போன் செய்தவள், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "உங்க ஊர்த் துறைமுகத்துல ஆய்வாளர் போஸ்ட் ஒன்னு ஜூன் கடைசில வருது. ஒரே ஒரு போஸ்ட்."

பொலிக்ஸேனிக்குக் காது சூடாயிற்று. "பட்டியல்ல எங்க புதுப் பேரு இருக்கா?"

"எந்தப் புதுப் பேரு? மீன்வளவியல்தான் இருக்கு. புதுசா ஏத்தணும்னா மூணு அமைச்சகம் கையெழுத்துப் போடணும். மூணு வருஷம் ஆகும், அதுவும் ஆனாத்தான் உண்டு."

போனை வைத்தாள். முப்பத்தோரு பிள்ளைகள். ஒருவருக்கும் ஆய்வாளர் வேலைக்குத் தகுதி இல்லை என்று ஆகிவிட்டது. அதிலும் ஒருத்தி, தன் கையால் முதல் வரியில் எழுத வைத்த மகள்.

வெள்ளைத்தாள் எடுத்தாள். மெல்போ பேரில் விண்ணப்பம் எழுதினாள். மெல்போவின் கையெழுத்தைத் தானே போட்டாள். பதிவேட்டைத் திறந்து ஆயிரத்து நூற்று நாற்பத்தேழாம் வரியை நிரப்பினாள். மகளுக்காக ஒரு தாய் இதைக்கூடச் செய்யமாட்டாளா என்று கேட்கலாம். செய்வாள். நான் அதைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு அடுத்த வரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஜூனில் பட்டமளிப்பு. ட்ரிவேலாஸ் தன் முன்னால் வைத்த பட்ட அடுக்கில் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பட்டங்களை எல்லாம் சுருட்டி நாடா கட்டியிருந்தது. மெல்போ மேடையிலிருந்து இறங்கியதுமே பொலிக்ஸேனி அவள் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள். "குடு, கண்ணாடிச் சட்டம் போடக் குடுக்கிறேன். நீ கசக்கிடுவ." மறுவாரம் அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தையும் தானே நிரப்பி, மெல்போவிடம் கையெழுத்து மட்டும் வாங்கி அனுப்பினாள். அந்தப் பெண்ணுக்கு அம்மாமேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று நாள் கழித்து அர்கிரோ அலுவலகத்துக்கு வந்தாள். விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள் இருந்தது. கையில் அதே பழைய கையேடு. அட்டை கிழிந்து, ஒட்டு ஒட்டி.

"அத்தை, என் விண்ணப்பத்தைக் கணினி ஏத்துக்க மாட்டேங்குது. என் பட்டத்தோட பேரே பட்டியல்ல இல்லையாம்."

"தெரியும்மா" என்றாள் பொலிக்ஸேனி.

"பழைய பேர்ல வாங்கியிருந்தா கிடைச்சிருக்குமாம். அதுக்கு ஏதோ அறிவிப்பு ஒட்டியிருந்தாங்களாமே, ஆகஸ்ட்ல?"

"ஒட்டியிருந்தது."

"ஆகஸ்ட்ல யாரு அத்தை இங்க வருவாங்க? நான் அப்பாகூட கயிறு இழுத்துட்டு இருந்தேன். நீங்க அடிக்கடி என்னைப் பார்த்தீங்களே. திருநாள் அன்னிக்கு உங்க வீட்டுலதானே சாப்பிட்டேன்."

அது உண்மை. திருநாள் அன்று மேசையில் ஆட்டுக்கறி இருந்தது, அர்கிரோ இருந்தாள், மெல்போ இருந்தாள். அறிவிப்பு மூன்றாம் மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பொலிக்ஸேனி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

அர்கிரோ கையேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். பென்சில் கோடு மங்கிப்போய் இன்னும் இருந்தது. "இது நீங்க எழுதினதுதானே? நான் சண்டைக்கு வரல. ஏதாவது பண்ண முடியுமான்னு கேக்க வந்தேன். இப்ப ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுத்தா…"

பதிவேடு பொலிக்ஸேனியின் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டாம் வரி, ஆகஸ்ட் பதினான்கு, காலி. அர்கிரோ இங்கேயே உட்கார்ந்து இரண்டு வரி எழுதினால் போதும். எழுத்தர் பிழை என்று சொல்லி ஒரு வாரத்தில் பட்டத்தை மாற்றி அச்சடித்துவிடலாம். ட்ரிவேலாஸ் அதையும் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். பொலிக்ஸேனிக்கு எல்லாம் தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும். அர்கிரோவின் மதிப்பெண் பத்துக்கு எட்டு புள்ளி ஒன்பது. மெல்போவுடையது ஏழு புள்ளி இரண்டு. இருப்பது ஒரே ஒரு போஸ்ட்.

"கெடு முடிஞ்சுபோச்சும்மா. சட்டம். என் கையில ஒன்னும் இல்ல."

அர்கிரோ தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு கையேட்டை மூடினாள். "மெல்போவும் பாவம். அவளுக்கும் இதே கதைதானே. உங்களுக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும் அத்தை."

அடி பாவி! ஒரு அறை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. பொலிக்ஸேனி எழுந்து ஜன்னலைத் திறக்கப் போனாள். திரும்பி வந்தபோது அந்தப் பெண் போய்விட்டிருந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. மெல்போ. நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தது சட்டம் போட்ட பட்டம். கண்ணாடிக் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள். முன்தினம் சாயந்தரம் படகுத்துறையில் அர்கிரோ அவளிடம் 'நம்ம ரெண்டு பேருக்கும் போச்சுடி' என்று சொல்ல, 'எனக்கு அம்மா அனுப்பிட்டாங்களே, ஏத்துக்கிச்சே' என்று மெல்போ சிரித்திருக்கிறாள். சிரித்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் முகம் மாறிவிட்டது.

சட்டத்தை மேசையில் நிறுத்தினாள். "படி."

"மெதுவா பேசு. பக்கத்து ரூம்ல ஆள் இருக்கு."

"மீன்வளவியல். மத்த முப்பது பேருக்கும் மேலாண்மை. எனக்கு மட்டும் மீன்வளவியல். நான் எப்பம்மா விண்ணப்பம் குடுத்தேன்?"

மெல்போ பதிவேட்டை இழுத்தாள். தடுப்பதற்குள் ஆகஸ்ட் பக்கத்துக்கு வந்துவிட்டாள். பக்கத்துக் கோப்பில் விண்ணப்பம் குத்தியிருந்தது. அதையும் பார்த்தாள்.

"என் கையெழுத்தை ஒழுங்காப் போடக்கூடத் தெரியல உனக்கு."

"உனக்காகத்தான்டி செஞ்சேன். முதல் வரியில எழுதுன்னு நான்தானே சொன்னேன்? உன்னை நடுத்தெருவுல விட்டுட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

மெல்போவின் கோபம் அந்தப் பேச்சில் ஒரு கணம் தளர்ந்தது. அழுகிற மாதிரிகூட இருந்தது. அம்மாவின் கையைப் பிடிக்க வந்தவள், பதிவேட்டில் மறுபடி கண் போக, அப்படியே நின்றாள். விரலை ஒரு வரியின்மேல் வைத்தாள்.

"இது ஏன் காலியா இருக்கு?"

"அது சும்மா."

"எண் இருக்கு. தேதி இருக்கு. ஆகஸ்ட் பதினாலு." நிமிர்ந்தாள். "நேத்து அர்கிரோ வந்தப்ப இது காலியாத்தான் இருந்துச்சா?"

பொலிக்ஸேனி பதிவேட்டை மூடப் பார்த்தாள்.

"அம்மா. இது காலியா இருந்துச்சா?"

"ஒரே ஒரு போஸ்ட்தான்டி!" வெடித்துவிட்டது பொலிக்ஸேனிக்கு. "அவளுக்கு எட்டு புள்ளி ஒன்பது. உன் மார்க்கு தெரியுமா உனக்கு? அவளை உள்ள விட்டா நீ வெளிய. நான் அவளுக்கு நாலு வருஷம் சோறு போட்டேன், போதாதா? வேலையையும் எடுத்துக் குடுக்கணுமா?"

பக்கத்து அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோயிற்று. மெல்போ போனை எடுத்தாள்.

"யாருக்குடி?"

"அர்கிரோவுக்கு. இன்னும் ஒன்பது நாள் இருக்கு. வந்து கையெழுத்துப் போடட்டும். அவ கையெழுத்தாவது நிஜமா இருக்கும். அப்புறம் யாருக்குக் கிடைக்குதோ கிடைக்கட்டும்."

"போனை வை. நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

"எனக்காகப் போட்டப்ப ஜெயில் ஞாபகம் வரலையா?"

மணி அடிக்கிற சத்தம் போனுக்குள்ளிருந்து கேட்டது. இரண்டு தரம். மூன்று தரம். பொலிக்ஸேனி இழுப்பறையைத் திறந்தாள். அளவுகோலை எடுத்தாள், சிவப்புப் பேனாவை எடுத்தாள். பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டாம் வரியின் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு கோடு இழுத்தாள். இத்தனை வருஷப் பழக்கம், கோடு நேராக விழுந்தது. கோட்டின்மேல் 'ரத்து' என்று எழுதினாள். பக்கத்தில் முத்திரை குத்தினாள்.

"ஹலோ? மெல்போ?" என்றது போன்.

மெல்போ அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் போனில், "நேர்ல வர்றேன்" என்று மட்டும் சொல்லி அணைத்தாள். சட்டம் போட்ட பட்டத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கதவை இந்த முறை சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள்.

அன்று சாயந்தரமே மெல்போ தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். பொலிக்ஸேனி கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் போஸ்டுக்கு 'தகுதியான விண்ணப்பம் எதுவும் வரவில்லை' என்று செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. துறைமுகத்து அறைக்கு இன்றுவரை பூட்டுத்தான். செப்டம்பர் கடைசியில் இரண்டு பெண்களும் ஒரே விமானத்தில் நார்வேக்குப் போனார்கள். வடக்கே எங்கோ, சூரியன் சரியாக எழாத ஊர். சால்மன் மீன் பண்ணை. மீனைக் கழுவி, எடை பார்த்து, பெட்டியில் அடுக்குகிற வேலை. அதற்குப் பட்டத்தின் பெயரை யாரும் கேட்பதில்லை.

மெல்போ போன் செய்வதில்லை. அர்கிரோதான் ஒரு தரம் செய்தாள், கிறிஸ்துமஸுக்கு. "நாங்க நல்லா இருக்கோம் கிரியா பொலிக்ஸேனி" என்றாள். கிரியா என்றால் அம்மணி. நாலு வருஷம் அத்தையாக இருந்தவள் ஒரே நாளில் அம்மணி ஆகிவிட்டாள். தபால்காரனும் வங்கிக்காரியும் கூப்பிடுகிற மரியாதை. அதைவிட ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருக்கலாம்.

துறை மட்டும் பிழைத்துக்கொண்டது. புதுப் பெயருக்கு நாற்பத்து நாலு பேர் சேர்ந்தார்கள். காப்பிக்கடைகள் நிரம்பின. பொலிக்ஸேனியின் நாற்காலியும் தப்பியது. வீட்டில் மேசையின் மற்ற இரண்டு நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டாள்.

மார்ச்சில் கையேட்டு வேலை வந்தது. ட்ரிவேலாஸ் காப்பியோடு வந்து மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். உற்சாகமாக இருந்தார்.

"என் பொலிக்ஸேனி, இந்தத் தடவை அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துடலாம். எவனோ புகார் எழுதியிருக்கான், பட்டியல்ல பேரே இல்லைன்னு. தொல்லை."

"எடுத்துட்டேன்" என்றாள் அவள். உண்மையிலேயே எடுத்துவிட்டிருந்தாள். பதினேழு வருஷத்து வாக்கியத்தை அழிக்க ஒரு விசை போதுமாக இருந்தது.

"ஆனா கடைசில காலியா விட்டா நல்லா இருக்காது. வேலை வாய்ப்புன்னு ஏதாவது வேணும். இப்பல்லாம் வெளிநாடுன்னா பெத்தவங்க மயங்கிடறாங்க." காப்பியை ஒரு மிடறு குடித்தார். "ஆமா, நம்ம பொண்ணுங்க நார்வேல இருக்காங்கன்னு சொன்னாங்களே. உங்க பொண்ணும்தானே? சால்மன் கம்பெனி! பிரமாதம். அதைப் போடுங்க. நம்ம பட்டதாரிகள் நார்வேயின் முன்னணி மீன்வள நிறுவனங்களில் பணிபுரிகிறார்கள்."

பொலிக்ஸேனி விசைப்பலகைமேல் கையை வைத்தாள். தட்டினாள். 'இத்துறையின் பட்டதாரிகள்' வரை வந்து நின்றாள்.

"எத்தனை பேர் இருக்காங்க அங்க?" என்று கேட்டார் ட்ரிவேலாஸ்.

"ரெண்டு பேர்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பலர்னு போடுங்க" என்றார்.

பொலிக்ஸேனி 'பலர்' என்று போட்டாள்.